ஏரி பார்த்த அறை

விடுதியின் முன்பதிவுப் பக்கத்தில் ஒரு அறை வந்திருக்கிறது. நேற்றுவரை ஜூலை மாதம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்த கட்டங்களில் ஒன்று மட்டும் பச்சையாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு இரவு, இரண்டு பேர், ஏரியைப் பார்த்த ஜன்னல். யோசிக்காமல் அமுக்கிவிட்டேன். அமுக்கியதும் மேலே ஒரு சின்னக் கடிகாரம் முளைத்துப் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. இந்த அறையை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம், அதற்குள் பெயரும் அட்டை எண்ணும் கொடுங்கள் என்கிறது. கொடுக்கலாம். பர்ஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன காபி, அடுப்பில் துவரம்பருப்பு, குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை. வெளியே ஓரிகன் மழை. மழை என்றும் சொல்ல முடியாது, யாரோ ஈரத்துணியை விடாமல் உதறிக்கொண்டிருப்பதுபோல. இந்த அறையை யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஏரிக்கரையில் இருப்பது ஒரே ஒரு விடுதி, ஒரு வருஷத்துக்கு முன்பே நிரம்பிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு வருஷமாக வைத்திருந்ததை எதற்கு விட்டார்கள். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் முன்மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன், ஒருவர் வரவில்லை என்ற இடத்தில் இன்னொருவரைப் பொருத்துவது. வராதவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்வார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல், கார் கிளம்பவில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் நிதானமான குரலில், என் மனைவியின் அப்பாயிண்ட்மெண்டை எடுத்துவிடுங்கள், இனி அவளுக்குத் தேவைப்படாது என்றார். நான் சரி என்று வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் முதல் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் அட, இன்றைக்கு எனக்கு நல்ல நாள் என்றாள். இப்போது நான் அந்தப் பெண். யாருக்கோ நல்ல நாளாக இல்லாததால் எனக்கு ஜன்னல் வழியாக ஏரி.

மாடியில் கட்டில் முனகுகிறது. ஒருதரம் முனகினால் அவர் திரும்பிப் படுக்கிறார் என்று அர்த்தம். விடாமல் முனகினால் என்ன அர்த்தம் என்பது ஜனவரியிலிருந்து எனக்குத் தெரியும், அதனால் ஒன்றோடு நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ராஜவேலுவுக்குப் போன நவம்பரில் ஃபிட்ஸ் வந்தது. இப்படி ஒரே வாக்கியமாக, நடுவில் தொண்டையைச் செருமாமல் சொல்ல எனக்கு இவ்வளவு மாதம் பிடித்திருக்கிறது. அதுவும் மனசுக்குள்தான். திருச்செங்கோட்டில் இருக்கும் அவர் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, தம்பி ஏன் இப்பெல்லாம் வண்டி ஓட்டறதில்லை என்று வீடியோவில் கேட்டபோது, நான் ஓட்டிப் பழகறேனுங்க்கா என்று சிரித்தேன். பொய்யும் இல்லை. மாத்திரை மாற்றியதிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கீழே உட்கார்ந்து வீட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷம் குடியிருந்தாலும் தெரிந்திருக்காது, எந்தப் படி எப்படிச் சத்தம் போடும், ஷவர் தண்ணீர் ஒருவர் மேல் விழுவதற்கும் வெறும் தரையில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம், எல்லாம் இப்போது எனக்கு அத்துபடி. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்காவிட்டால் “ஏங்க” என்பேன். முன்பெல்லாம் “என்ன?” என்று கேட்பார். இப்போது “இருக்கேன்” என்கிறார்.

அன்றைக்கு தீபாவளி முடிந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது, சீரியல் லைட்டை இன்னும் கழற்றவில்லை, தெருவில் மற்றவர்கள் கிறிஸ்மஸுக்குக் கட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜ் முகப்பில் அலுமினிய ஏணியைச் சாய்த்து ஏறினார். உச்சிப்படியில் நின்று, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, கொக்கி கொக்கியாகக் கழற்றினார். இறங்கினார். புல்லில் நின்று ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தார். அந்தக் கோடியில் இருக்கிற கொக்கியையும் எடுத்தாச்சுங்களா என்று நான் கேட்டேன். அவர் தலை இடதுபக்கம் திரும்பியது, மெதுவாக, அந்தப் பக்கம் நின்று வேறு யாரோ அவருடைய சின்ன வயசுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல. அந்தப் பக்கம் வேலிச்செடி மட்டும்தான் இருந்தது. கண்ணும் தலையோடு போய் அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சத்தம், அந்தச் சத்தத்தை நான் நினைக்க மாட்டேன், அதைத் தாண்டிப் போய்விடுவேன், தாண்டினால் அவர் ஈரப்புல்லில் கிடக்கிறார், ஒயரின் குட்டிக் குட்டி பல்புகள் அவரோடு சேர்ந்து துள்ளுகின்றன, நான் வீட்டுக்குள் ஓடுகிறேன். போன் எடுக்க இல்லை, இரும்பு எடுக்க. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் யாராவது இப்படி விழுந்தால் நாலு பேர் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு ஓடிவருவார்கள், அதுதான் எனக்குத் தெரியும், எம்.காம் படித்து இந்த ஊர் வந்து இத்தனை வருஷம் கழித்தும் என் காலுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. சாவி எங்கே இருக்கிறது இங்கே, கதவுக்கு நம்பர், காருக்குப் பொத்தான். கடைசியில் அடுப்படி இடுக்கியை எடுத்து வந்து அவர் கைக்குள் திணித்தேன். எதிர்வீட்டு டெப்ரா அதற்குள் ஓடிவந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸில் வந்த பையன் இடுக்கியை மரியாதையாக எடுத்து வாசற்படியில் வைத்தான், ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் போகட்டும். என் நினைப்பு அங்கே நிற்பதில்லை, ஏணிக்குப் போகிறது. உச்சிப்படியில் நின்றவர் இறங்கிவந்து தரையில் கால் வைத்து ஒயரில் ரெண்டு சுற்றுச் சுற்றுகிற நேரம். அவ்வளவுதான் நடுவில் இருந்தது. டீ ஆற்றுகிற நேரம்கூட இல்லை. அவர் இறங்கிவிட்டார், இறங்கியபிறகுதான் வந்தது, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் படுத்துக் கண்ணை மூடினால் ஒவ்வொருமுறையும் அவரை மறுபடி ஏணியிலிருந்து ஒருபடி ஒருபடியாக நான்தான் இறக்கவேண்டியிருக்கிறது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் இருக்கிறது இன்னும். பெயர் என்ற கட்டத்தில் சுகந்தி என்று அடித்துவிட்டேன், அடுத்தது ராஜவேலு என்று அடிக்கவேண்டும். இந்த ஏரி நினைப்பு ஆரம்பித்தது ஆஸ்பத்திரியில். தலைக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வெளியே சுவரில் பெரிய போட்டோ, நீலமாக ஒரு ஏரி, சுற்றிலும் செங்குத்தாகப் பாறை, நடுவில் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு தீவு. மேலே நீளமான கவுன் போட்டுக்கொண்டு அவர் அதற்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தார், கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார், நான் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். நர்ஸ் வந்ததும் அவர் தலையைத் திருப்பி, இது எங்கே இருக்குது என்று அவளைக் கேட்டார். இங்கேதான், நம் மாநிலத்தில்தான், தெற்கே போகவேண்டும், நீங்கள் பார்த்ததில்லையா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். உள்ளே போய்ப் படுத்து எழுந்து வந்தார். படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் நல்லது, ஆனால் ஏன் வந்தது என்றும் சொல்ல முடியாது, பலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். மறுபடி வருமா என்றேன். வரலாம், வராமலும் இருக்கலாம். ஜனவரியில் தூக்கத்தில் வந்தது. மாத்திரை மாறியது. கார் ஓட்டக்கூடாது, தனியாக நீந்தக்கூடாது, ஏணி கூடாது, உயரமான இடங்களில் கவனம். டாக்டர் இதைச் சொல்லும்போது அவர் நல்ல மாணவன் மாதிரி தலையாட்டினார். காரில் ஏறியதும், பக்கத்து சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, அந்த ஏரிக்குப் போகணும் சுகந்தி என்றார்.

உயரமான இடங்களில் கவனம். அந்த ஏரி என்பதே ஓர் உயரமான இடம்தான், வேறு ஒன்றுமே இல்லை. ஒரு மாதமாகப் படித்துப் படித்து அந்தப் பூங்காவில் வேலைக்குச் சேரலாம் போலாகிவிட்டது எனக்கு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு மலை இருந்திருக்கிறது. எரிமலை. உள்ளே இருந்ததையெல்லாம் கக்கித் தீர்த்துவிட்டு, தாங்க ஒன்றும் இல்லாமல் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. அந்தக் குழியில் மழையும் பனியும் விழுந்து விழுந்து நிறைந்ததுதான் ஏரி. ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை, எதுவும் வெளியே போவதுமில்லை. இந்த நாட்டிலேயே அதற்குத்தான் ஆழம் அதிகம். ஒரு மரக்கட்டை நூறு வருஷத்துக்கும் மேலாக அதில் நட்டமாக நின்றுகொண்டு மிதக்கிறதாம், காற்றடித்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுமாம். இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் தேடியது இதை இல்லை. சுவர் எவ்வளவு உயரம் என்று தேடினேன். சில இடங்களில் முழங்காலுக்கு மேல் ஒரு கல்சுவர், பல இடங்களில் அதுவும் இல்லை, சாலை முடிந்தால் சரளை, சரளை முடிந்தால் காற்று. ஜூலையில்கூட ஓரத்தில் பனி கிடக்குமாம், கெட்டியாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது, அதன் மேல் நடக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர்வரை இறங்குகிற ஒரே பாதையை வேலைக்காக மூடி வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது, அப்புறம் யோசித்தேன், நடந்து இறங்குவதற்கு மட்டும்தானே பாதை வேண்டும். மற்றவர்கள் எடுத்த வீடியோக்களில் சின்னப் பிள்ளைகள் அந்தச் சுவர் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாண்ட்விச் சாப்பிடுகின்றன. நான் அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அவரை வைத்துப் பார்க்கிறேன். தலை இடதுபக்கம் திரும்புகிறது. வேண்டாம். அவரைச் சுவரிலிருந்து இறக்கி, நடத்தி, கார்வரை கொண்டுவந்து உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டுவிடுகிறேன். மறுபடி அவர் இறங்கி நடக்கிறார்.

அதற்கும் முன்னால் சாலை. நாங்கள் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து யூஜீன், அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் தர்ஷினியைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பாடு, அப்புறம் கிழக்கே திரும்பி மலை. யார் ஓட்டுவது. நான் வேலைக்குப் போவேன், இந்தியக் கடைக்குப் போவேன், கோயிலுக்குப் போவேன், மூன்றுக்கும் ஊருக்குள்ளேயே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், ஹைவே என்று எழுதிய பச்சைப் பலகையைப் பார்த்தால் என் கை தானாக வேறு பக்கம் ஒடித்துவிடும். இத்தனை வருஷம் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். யூஜீனிலிருந்து தர்ஷினி போனில், அம்மா நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அப்பாவைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சுக்காதீங்க என்கிறாள். அவளுக்கென்ன, அவள் அன்று புல்லில் இல்லை. நவம்பரில் நான் அவளுக்குச் சொன்னது அப்பா மயங்கி விழுந்துட்டாரு என்று மட்டும்தான், அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது.

சிவப்பாகிவிட்டது கடிகாரம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, தொடர விரும்புகிறீர்களா என்று கேட்கிறது. விரும்புகிறேன் என்று அமுக்கினால் போதும். அட்டை பர்ஸில் இருக்கிறது. பர்ஸ் இதோ. என் கை மேஜைமேல் இருக்கிறது, உள்ளங்கை கீழே பார்த்து, யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி. மறந்துவிட்டேன் என்று நான் பிறகு சொல்ல முடியாது. மறக்கவில்லை. எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. குக்கர் விசில் அடித்தது. பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்டதும் வருமே, அந்த மாதிரி இருந்தது, சந்தோஷமும் இல்லை, ஆனால் கால் நீட்டலாம். போகவேண்டாம். அறை கிடைக்கவில்லை, நாம் என்ன செய்வது. அடுத்த வருஷம் பார்க்கலாம். ரெண்டாவது விசில். படிகளில் சத்தம், நாலாவது படி, ஏழாவது படி, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. வருகிறார்.

குளித்திருந்தார். சனிக்கிழமை இந்நேரத்துக்கு அவர் குளித்து நான் பார்த்ததில்லை, ஷவர் சத்தம் எப்படி எனக்குக் கேட்காமல் போனது. தலை ஈரமாக இருந்தது, போன வருஷம் தர்ஷினி வாங்கிக்கொடுத்த கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தார், சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

“என்ன பண்ற?”

“சும்மாதானுங்க. அந்தப் பூங்கா பக்கம் பாத்துட்டிருந்தேன். ஒண்ணும் கிடைக்கலை.”

“ஒண்ணும் கிடைக்கலையா?”

“எங்கீங்க. எல்லாம் ஃபுல்லு.”

அவர் சிரித்தார். நவம்பருக்கு முன்னால் சிரித்த மாதிரி, தோள் குலுங்க. “சரி சரி. ஒண்ணும் கிடைக்கலை. நானும் ஒண்ணையும் பாக்கலை. பொறந்தநாள் வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன், போதுமா?” அவருக்கு ஜூலையில் பிறந்தநாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கொஞ்சம் புரிந்தது, புரியக்கூடாது என்று அடுப்பை அணைக்க எழுந்தேன். அவர் முறுக்கை மென்றுகொண்டே சொல்லிக்கொண்டு போனார். “நானும் முழிச்சுப் படுத்துட்டு போன்ல அதைத்தான் பாத்துட்டிருந்தேன். நாலு நாளா பாக்கறேன். இன்னைக்கு ஒண்ணு பச்சையா வந்துச்சு பாரு, வெள்ளிக்கிழமை. கண்ணாடியைத் தேடி மாட்டிட்டு அமுக்கறதுக்குள்ள காணோம். ச்சே, எவனோ அடிச்சுட்டான்னு நினைச்சேன். அப்பறம்தான் உறைச்சுது. கீழ நீ உக்காந்து தட்டற சத்தம் கேக்குது. எவனோ இல்லை, எம் பொண்டாட்டின்னு எந்திரிச்சுப் போய்க் குளிச்சுட்டேன்.”

அடுப்பை அணைத்தேன். ஒரே அறையை மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாகப் பார்த்திருக்கிறோம். அவருடைய திரையில் அது மறைந்தது நான் பிடித்ததால். அந்த நேரம் முழுக்க அவர் ஷவரில் நின்று சந்தோஷமாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஏணியிலும் சுவரிலும் அவரை ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். இன்னும் சொல்லாமல் இருக்கலாம். ஜூலைக்கு நாள் இருக்கிறது, அதற்குள் என்னவாவது நடக்கும். ஆனால் அந்தச் சட்டை.

“நான் எடுக்கலீங்க” என்றேன், குக்கரைப் பார்த்துக்கொண்டு.

“பின்ன?”

“பிடிச்சேன். அப்பறம் விட்டுட்டேன்.”

“நேரம் முடிஞ்சுபோச்சா?”

“முடியட்டும்னு இருந்தேன்.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். போனை எடுத்து எதையோ தேய்த்தார், மறுபடி தேய்த்தார். “போயிருச்சு. யாரோ எடுத்துட்டாங்க” என்றார். மேஜையில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முறுக்குத் துணுக்குகள் கிடந்த இடம். நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பாரு. இப்பக்கூட.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் கோவமா இருக்கனான்னு நீ பாக்கலை. கண்ணு நிலைகுத்திருச்சான்னு பாக்கற. நவம்பர்லருந்து நீ என் மூஞ்சியைப் பாத்து நான் பாக்கவே இல்ல சுகந்தி. கண்ணை மட்டும்தான் பாக்கற. எனக்கு ஃபிட்ஸு ரெண்டு தடவை வந்துச்சு. உனக்கு தினமும் வருது.”

அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, மூக்கு வழியாக, அசிங்கமாக. அவருக்கும் வந்தது, ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக உள்ளேயே உருட்டிக்கொண்டிருந்ததை வெளியே எடுத்து வைத்தேன், சுவர் முழங்கால் உயரம்தான், சில இடத்தில் அதுவும் இல்லை, பனி ஏமாற்றும், முன்னால் சாய்ந்து விழுந்தால் பிடிக்க ஒரு மரம்கூட இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். “தெரியும்” என்றார். “அந்தப் படத்தையெல்லாம் நானும் பெரிசு பண்ணிப் பாத்தேன். எந்தப் பக்கம் திரும்பி நின்னா, விழுந்தாலும் ரோட்டுப் பக்கமா விழுவேன்னு கூடக் கணக்குப் போட்டேன். உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சியா?” எனக்கு மட்டும்தான் என்றுதான் நினைத்திருந்தேன். தலையாட்டி, மாத்திரை போட்டு, முறுக்குத் தின்கிறவருக்குள் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என்னுடையது, என் வேலை, நான்தான் அதைப் பார்த்தேன், அவர் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை.

“அப்பறம் எதுக்குங்க போகணும்ங்கறீங்க?”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஐம்பதை நெருங்குகிறவர் வெட்கப்படுவதைப் பார்க்க ஒருமாதிரி இருந்தது. “அன்னைக்கு அந்தப் போட்டோ முன்னாடி உக்காந்திருந்தனல்ல. உள்ள கூப்பிடப் போறாங்க, தலையில கட்டி இருக்குதுன்னுதான் சொல்லப் போறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். எதையாவது வேண்டிக்கலாம்னா ஒரு சாமி பேரும் வாயில வரலை. எதிர்ல இதுதான் இருந்துச்சு. கட்டி இல்லைன்னு சொல்லிட்டா உன்னை வந்து பாக்கறேன்னு சொல்லிட்டேன். ஏரிகிட்ட. சிரிக்காத.” நான் சிரிக்கவில்லை. அவர் அப்படி வேண்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் நர்ஸைக் கூப்பிட ஓடியிருக்கிறேன். “கட்டி இல்லைன்னுட்டாங்க. அப்பறம் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் அம்மா தூங்கமாட்டாள். கொல்லிமலைக்கோ பழனிக்கோ என்றால் நான் பெட்டி கட்டி உட்கார்ந்திருப்பேன், எத்தனை படி என்று கேட்டிருக்கமாட்டேன். அவர் தன் பக்கத்தைச் சொன்னார். விளிம்புக்குப் போகமாட்டார். விடுதிக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிற இடத்தில், சுவருக்கு நன்றாக இந்தப் பக்கம், உட்கார்ந்து பார்ப்பார். மாத்திரை நேரத்தை நான் நினைவுபடுத்தலாம். “ஆனா நீ பின்னால நின்னு என் சட்டையைப் பிடிச்சுட்டு இருக்கக்கூடாது. பக்கத்துல உக்காரு. உக்காந்து ஏரியைப் பாரு. நீயும் பாத்ததில்லல்ல?” சரி என்றேன். முழுச் சரி இல்லை, ஆனால் சொன்னேன். பூங்காவுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டல் இருந்தது, படத்தில் பூப்போட்ட போர்வையும் ஒரு பழைய டிவியும் தெரிந்தன, ஜன்னலுக்கு வெளியே பெட்ரோல் பங்க். அதே வெள்ளிக்கிழமைக்கு அவரே அதைப் பதிவு செய்தார். அட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன். ஏரி தெரியாத ஜன்னலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

“இப்ப என் பயம் ஒண்ணு இருக்குது” என்றார். “நீ ஓட்டறது.” நான் முறைத்தேன். “நெசமாத்தான். ஏரி என்னை ஒண்ணும் பண்ணாது. நீ ஹைவேயில முப்பது மைல் வேகத்துல போனீன்னா பின்னால வர்ற லாரி பண்ணிரும். கிளம்பு. சேலம் வரைக்கும் போயிட்டு வரலாம்.” இங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது, தெற்கே, மாநிலத்துக்குத் தலைநகரமே அதுதான். வந்த புதிதில் அந்தப் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம், அவர் அக்கா அதை நம்பவில்லை. இன்றைக்கேவா என்றேன். இன்றைக்கேதான். பருப்பு வெந்திருக்கிறது, வந்து தாளித்துக்கொள்ளலாம். மழை பெய்கிறது என்றேன். இந்த ஊரில் மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஜூலை வந்துவிடும் என்றார்.

சரிவான பாதை ஹைவேயோடு சேருகிற இடத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் பாரு, இடம் இருக்குது, போ, மிதி, மிதி என்றார். மிதித்தேன். நடுமுதுகில் வியர்வை ஓடியது. எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள், அப்புறம் சிலர் தாண்டவில்லை. வைப்பர் வேகம் பத்தவில்லை, கூட்டினேன். முன்னால் ஒரு பெரிய லாரி, அதன் சக்கரங்கள் கிளப்பிய தண்ணீர்ப்புகை என் கண்ணாடி முழுக்க. அவர் எதையோ சொல்லிக்கொண்டு வந்தார், ஆபீஸ் விஷயம், தர்ஷினிக்கு என்ன கொண்டுபோவது, அப்புறம் நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டில் சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்கவேண்டும். ஒரு நொடி போதும், கன்னம் எப்படி இருக்கிறது, கை எப்படி இருக்கிறது. ஆனால் லாரியின் சிவப்பு விளக்கு எரிகிறது அணைகிறது, வலப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் உள்ளே வரப் பார்க்கிறது, கழுத்தைத் திருப்பினால் ஸ்டியரிங்கும் சேர்ந்து திரும்பும் எனக்கு. தூங்குகிறாரா. தூங்கினால் வாய் திறந்திருக்கும், மூச்சுச் சத்தம் கேட்கும், மழையில் ஒன்றும் கேட்கவில்லை. வந்திருந்தால் சீட் அதிரும், பெல்ட் இழுபடும், எனக்குத் தெரியாமல் இருக்காது, தெரிந்தால் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தவேண்டும், ஒதுக்க எனக்குத் தெரியும், வலப்பக்கம் கோட்டுக்கு அந்தப் புறம் அகலமாக இடம் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். இதைவிட வேறு என்ன செய்ய முடியும் நான். ரோட்டைப் பார்த்தேன். வெள்ளைக் காரை உள்ளே விட்டேன். ரோட்டைப் பார்த்தேன். இருபுறமும் ஹேசல் கொட்டை மரத் தோட்டங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே போயின, வானம் தாழ்ந்து மரங்களின் மேலேயே கிடந்தது, எவ்வளவு தூரம் அப்படி வந்தேன் என்று தெரியவில்லை, ஒரு பச்சைப் பலகை பெரிதாகி வந்து சேலம் என்று சொல்லிவிட்டுப் போனது.

“அந்த இண்டிகேட்டரை அணைச்சுரு” என்றார் அவர்.

“என்னங்க?”

“ஹைவேயில ஏறினதுலருந்து போட்டுட்டே வர்ற. டிக்கு டிக்குனு அடிச்சுட்டு இருக்குது.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நல்லாத்தான் ஓட்டிட்டிருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்தேன்.”

அணைத்தேன். லாரி இன்னும் முன்னால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது, அதன் வேகம் எனக்குப் பத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. இண்டிகேட்டரை மறுபடி இடப்பக்கம் போட்டேன், இந்த முறை தெரிந்தே.